மேற்கோளுக்குப் பின்னால் வரும் இரண்டு வரிகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு ஆங்கிலம் என்றால் பெரும்பாலான ஊர்களில் அது அமெரிக்க இலக்கியம்தான். ஒன்பது, பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பதினொன்று அவ்வளவாக மாறாது. பல பள்ளிகளில் அமெரிக்க வரலாறும் அதே ஆண்டில் வருவதால் இரண்டையும் கோத்து நடத்த வசதியாக இருக்கிறது. ஜார்ஜியாவில் இந்தப் பாடத்துக்கென்றே மாநிலத் தேர்வு உண்டு. கல்லூரி விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதியிலேயே போய்விடுவதால், விண்ணப்பத்தில் முழுசாகத் தெரிகிற கடைசி ஆண்டும் இதுதான்.

கதை நன்றாகப் புரிந்த பிள்ளைக்கும் இந்த வகுப்பில் கட்டுரை ‘சி’ கிரேடோடு திரும்பி வரும். ஓரத்தில் டீச்சர் எழுதியிருப்பது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: ‘சம்மரி’, ‘ஸோ வாட்?’, ‘மோர் அனாலிசிஸ்’. மூன்றும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன. மேற்கோள் இருக்கிறது. அதற்கு அடுத்து வர வேண்டிய இரண்டு மூன்று வரிகளில் அந்த மேற்கோளின் சொற்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். தமிழ்த் தேர்வில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று ஒரு கேள்வி வருமே, இடம், பொருள், விளக்கம் என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதுவோமே, அந்த மூன்றும் இங்கேயும் உண்டு. வரி நூலில் எங்கே வருகிறது, யார் எந்தச் சூழலில் சொல்கிறார், பிறகு விளக்கம். வேறுபாடு அந்தக் கடைசிப் பகுதியில்தான். நம் தேர்வில் வரியின் கருத்தை விரித்துச் சொன்னால் விளக்கம் முடிந்தது. இங்கே அந்த விளக்கம், கட்டுரையின் முதல் பத்தியில் மாணவர் வைத்த வாதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அதையும் வரியிலுள்ள குறிப்பிட்ட சொற்களைத் தொட்டுக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுசாகப் பார்த்துவிடலாம். 1925இல் வந்த ‘த கிரேட் கேட்ஸ்பி’ ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் கதைசொல்லி நிக், டாம்-டெய்சி தம்பதியைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்கிறான். அவர்கள் அக்கறையற்ற மனிதர்கள். பொருள்களையும் ஜீவன்களையும் நொறுக்கிவிட்டுத் தங்கள் பணத்துக்குள்ளோ அந்தப் பெரும் அக்கறையின்மைக்குள்ளோ பின்வாங்கிக்கொள்வார்கள். தாங்கள் போட்ட அலங்கோலத்தை மற்ற மனிதர்கள் துப்புரவு செய்யட்டும் என்று விட்டுவிடுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் இந்த வரியை மேற்கோள் காட்டுவார்கள். அதற்குக் கீழே, ‘பணக்காரர்கள் சுயநலமானவர்கள், மற்றவர்களைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்பதை இது காட்டுகிறது’ என்று எழுதுவார்கள். நிக் சொன்னதையே இன்னும் மொட்டையாகத் திருப்பிச் சொன்னதுதான் அது. மதிப்பெண் விழாது.

சொற்களைத் தொட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? நொறுக்கப்பட்டவர்களுக்கு ‘கிரீச்சர்ஸ்’ என்ற சொல். அந்த நேரத்தில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள்: மர்ட்டில், கேட்ஸ்பி, வில்சன். நொறுக்கியவர்கள் ‘பீப்பிள்’, சுத்தம் செய்பவர்களும் ‘பீப்பிள்’, செத்தவர்கள் மட்டும் ஜீவன்கள். அடுத்து ‘ரிட்ரீட்’. அது படைகள் பின்வாங்குவதற்குச் சொல்லும் சொல், ஆக இங்கே பணம் ஒரு கோட்டையாகிறது. அப்புறம் அலங்கோலத்தைத் துப்புரவு செய்வது. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போனால், கேட்ஸ்பியின் வீட்டில் திங்கட்கிழமைதோறும் எட்டு வேலையாட்கள் துடைப்பானும் சுத்தியலும் எடுத்து முந்தைய இரவின் சேதத்தைச் சரிசெய்கிறார்கள். அப்படியானால் துப்புரவுத் தொழிலாளிகள் கதையின் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறார்கள். நிக் கடைசி அத்தியாயத்தில்தான் அவர்களுக்காகப் பேசுகிறான். இந்த மூன்றில் ஏதாவது இரண்டை எழுதினாலே அது ‘ஏ’ கட்டுரை.

வீட்டில் இதைப் பழக்க அரைமணி நேரம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். மேற்கோளில் மாற்றிப்போட முடிகிற ஒரு சொல்லைப் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சாதாரணமான வேறொரு சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தொலைந்துபோகிறது என்று கேளுங்கள். கடைசியாக, அதே சொல்லோ அதே பொருளோ புத்தகத்தில் வேறெங்கே வருகிறது என்று கேளுங்கள். இந்தப் பதில்களை அப்படியே எழுதினால் அதுதான் அந்த இரண்டு வரி. பெற்றோர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இந்த ஆண்டில் நிறையப் பேர் ஏ.பி. ஆங்கில மொழி (கல்லூரித் தரத்துப் பாடம், முடிவில் பொதுத் தேர்வு) எடுப்பதால் அதன் தேர்வுக் கணக்கையும் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரத்தில் 45 கொள்குறி வினாக்கள், அதற்கு மொத்தத்தில் 45 சதவீதம். 2 மணி 15 நிமிடத்தில் மூன்று கட்டுரைகள், 55 சதவீதம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி: வாதத்தைத் தெளிவாக வைப்பதற்கு 1, சான்றும் விளக்கமும் சேர்ந்து 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. அந்தக் கடைசிப் புள்ளிக்காகக் கனமான சொற்களைத் தேடிப் போகிற பிள்ளைகள் பலர். நாலு புள்ளி மேற்கோளுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

இன்னொன்று. ஏ.பி. ஆங்கில மொழியில் கதை, கவிதையைவிட உரை, கடிதம், கட்டுரை போன்றவைதான் அதிகம். கேட்ஸ்பி படிப்போம் என்று நினைத்து எடுத்த பிள்ளைக்கு முதல் மாதம் ஏமாற்றமாக இருக்கும். பல பள்ளிகள் இரண்டையும் கலந்து நடத்துகின்றன. ஆகஸ்டில் தரும் சிலபஸ் தாளில் நூல்களின் பட்டியலைப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துவிடும்.

நாமா, நாங்களா

இந்த ஆண்டின் முதல் பகுதி பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரசங்கங்கள், சாசனங்கள், துண்டுப் பிரசுரங்கள். நீண்ட வாக்கியங்கள், கதை இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் பேசப்போகிற வழக்கு இங்கேதான் தொடுக்கப்படுகிறது. 1776இன் சுதந்திரப் பிரகடனம் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரி சொல்லிவைக்கிறது. பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அந்த வரியைக் கையில் எடுத்து, ‘இதில் நானும் சேர்த்தியா?’ என்று கேட்கிறார்கள். 1848இல் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் அதே வாக்கியத்தில் ‘பெண்களும்’ என்று சேர்த்து எழுதினார்கள். 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைக்கு உங்கள் ஜூலை நான்காம் தேதி என்ன என்று கேட்டார். 1863இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேசினார். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசினார்.

இவற்றைப் படிக்கும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கையில் இல்லாத ஒரு கருவி தமிழ்ப் பிள்ளையிடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு ‘வீ’தான். தமிழில் கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். உரையில் ‘வீ’ (we), ‘அவர்’ (our) என்ற ஆங்கிலச் சொற்கள் வரும் இடமெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்று எழுதிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிரகடனத்தின் ‘வீ’ உலகத்தைப் பார்த்துச் சொல்வது, எனவே நாங்கள். லிங்கனின் ‘நம் முன்னோர்’ எதிரே நிற்கிற கூட்டத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. டக்ளஸ் அந்தத் தலைவர்களை ‘உங்கள் முன்னோர்’ என்கிறார். இந்த நாள் உங்களுடையது, என்னுடையதன்று என்று நேராகவே சொல்கிறார். ஒரே முன்னோர், 11 ஆண்டு இடைவெளியில் ஒருவருக்கு ‘நம்’, மற்றவருக்கு ‘உங்கள்’. கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் எட்டு வெள்ளை மதகுருமார்களுக்குப் பதில். 340 ஆண்டுக்கு மேலாகக் காத்திருக்கிறோம் என்று அதில் எழுதும்போது அது நாங்கள். எந்த இடத்தில் அவர் அவர்களையும் சேர்த்து நாம் என்கிறார் என்று தேடினால் அதுவே ஒரு கட்டுரைக்கு வாதமாகிவிடும். கட்டுரையில் தமிழைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். கண்டுபிடிக்க உதவினால் போதும்.

எண்களையும் விடக்கூடாது. லிங்கன் ‘நான்கு இருபதும் ஏழும்’ ஆண்டுக்கு முன் என்று தொடங்குகிறார். 1863இலிருந்து 87ஐக் கழித்தால் 1776. அரசியலமைப்பு வரையப்பட்ட 1787இல் நாடு பிறந்ததாக அவர் கணக்குப் போடவில்லை. சமத்துவ வரி எழுதப்பட்ட ஆண்டில் பிறந்ததாகப் போடுகிறார். கிங் ‘ஐந்து இருபது ஆண்டுக்கு முன்’ என்று அதே பாணியில் தொடங்குகிறார். அது 1863, அடிமை விடுதலைப் பிரகடனம். இந்த இரண்டு கழித்தலையும் செய்து பார்க்கிற பிள்ளைக்கு ‘அல்யூஷன்’, அதாவது முந்தைய நூலைப் பெயர் சொல்லாமல் நினைவூட்டுவது, என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோரோ வரும்போது நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1846 ஜூலையில் தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார், அடிமைமுறைக்கும் மெக்சிகோ போருக்கும் எதிர்ப்பாக. அதைப் பற்றி அவர் எழுதி 1849இல் அச்சான கட்டுரையைக் காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்தார். அங்கே அவரோடு சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். சிறையில் கண்ட நோயால் 1914இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருவர். வகுப்பு விவாதத்தில் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறோம். ஓர் இரவுச் சிறைக்கும் உயிரை வாங்கிய சிறைக்கும் உள்ள தூரம் தோரோவைப் பற்றிய நல்ல கேள்வியை எழுப்பும்.

எந்த நூலில் எங்கே வழுக்கும்

‘த ஸ்கார்லட் லெட்டர்’, 1850. முதலில் ‘கஸ்டம் ஹவுஸ்’ என்று நீளமான முன்னுரை ஒன்று நிற்கும். பலர் அதிலேயே களைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதைப் படிக்க வேண்டுமா என்று டீச்சரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பலர் விட்டுவிடச் சொல்வார்கள், அல்லது சில பக்கம் மட்டும் தருவார்கள். கதை 24 அத்தியாயம். அதன் முதுகெலும்பு தண்டனை மேடையில் நடக்கும் மூன்று காட்சிகள்: 2-3, 12, 23. படிக்கத் தொடங்கும்போதே இந்த மூன்று இடத்திலும் ஒரு தாளைச் செருகிவைத்தால், யார் மேடையில் நிற்கிறார், யார் கீழே, பகலா இரவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூலாசிரியர் ஹாதார்னின் வாக்கியம் ஐந்தாறு வரி ஓடும். எழுவாயையும் பயனிலையையும் மட்டும் அடிக்கோடிட்டு, நடுவில் இருப்பதை இரண்டாவது முறை படிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். இந்த நூலின் 10 பக்கத்துக்கு கேட்ஸ்பியின் 20 பக்க நேரம் ஒதுக்க வேண்டும். அகராதியைப் பக்கத்துக்குப் பக்கம் திறந்தால் கதை நகராது. அத்தியாயத்துக்கு ஐந்து சொல் போதும்.

‘த க்ரூசிபிள்’, 1953. ஆர்தர் மில்லர் 1692இன் சேலம் சூனிய வழக்குகளை வைத்துத் தன் காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பேசிய நாடகம். கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை, சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்பது. அங்கே யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், கைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறைகளை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அடுத்த பிழை, மில்லரை மெக்கார்த்தி விசாரித்தார் என்பது. மெக்கார்த்தி அந்த வேட்டையில் பேர்போன செனட்டர், மில்லரை 1956இல் அழைத்து விசாரித்தது பிரதிநிதிகள் சபையின் குழு. நாடகம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே வந்துவிட்டது. எனவே தன் விசாரணையைப் பற்றித்தான் எழுதினார் என்றும் எழுதக்கூடாது. மூன்றாவது, வரலாற்றில் அபிகெய்ல் பன்னிரண்டு வயதுக்குள்ளான சிறுமி, ப்ராக்டர் ஏறக்குறைய அறுபது வயதுக்காரர். நாடகத்தில் பதினேழும் முப்பதுகளின் நடுவும். நாடகத்தில் இருவருக்கும் இடையே வரும் காதல் விவகாரம் மில்லர் கட்டியது. ஏன் கட்டினார் என்று கேட்பது நல்ல கட்டுரைக்கு வழி.

முதல் அங்கத்தில் வசனங்களுக்கு நடுவே மில்லர் உரைநடையில் பக்கம் பக்கமாகப் பேசுவார். நாடகக் குறிப்புதானே என்று பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். குவிஸ் கேள்வி அங்கிருந்துதான் வரும், கம்யூனிசத்தை அவர் நேரடியாகச் சொல்வதும் அங்கேதான். மற்றபடி இது வாய்விட்டுப் படிக்க வேண்டிய நூல். மூன்றாம் அங்கத்தின் நீதிமன்றக் காட்சியை வீட்டில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துப் படித்தால், கணவன் ப்ராக்டரைக் காப்பாற்றுவதாக நினைத்து எலிசபெத் சொல்லும் அந்த ஒற்றைப் பொய் எப்படி அவனைக் கவிழ்க்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கவிதையில் விட்மன், டிக்கின்சன் இருவரும் அடுத்தடுத்து வருவார்கள். விட்மன் நீளம், டிக்கின்சன் சுருக்கம். 1855இல் முதன்முதலாக வந்த விட்மனின் தொகுப்பில் எதுகையும் இல்லை, அளவும் இல்லை. இது எப்படிக் கவிதை என்று பிள்ளை கேட்டால், பாரதியே அவரைப் பற்றித் தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார், வசனம் போல இருக்கும் அந்தப் பாட்டின் புதுமையைத் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லுங்கள். பாரதியின் வசன கவிதையை நாலு வரி வாய்விட்டுப் படித்துவிட்டு விட்மனுக்கு வந்தால், ஒரே சொல்லில் வரிகள் தொடங்குவதும் பட்டியல் நீள்வதும் காதில் விழும். அங்கே தாளத்தைச் சுமப்பது அவைதான்.

டிக்கின்சனில் ஒரு பொறி இருக்கிறது. ஏறக்குறைய 1,800 கவிதை எழுதியவர், வாழ்நாளில் அச்சில் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இறந்தபின் 1890இல் வெளியிட்டவர்கள் அவருடைய இடைக்கோடுகளை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள், தலைப்பு வைத்தார்கள், சில இடங்களில் வரிகளையே நீக்கினார்கள். மரணம் வண்டியில் வந்து ஏற்றிப்போகும் புகழ்பெற்ற கவிதைக்கு ‘தேர்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு, ஆறு பத்தியில் ஒன்று காணோம். அந்தப் பழைய வடிவம் இணையத்தில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. இடைக்கோட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளை அதை அச்சிட்டு வைத்துக்கொண்டு விழிக்கும். பத்திகளை எண்ணிப் பாருங்கள்: ஐந்து என்றால் தூக்கிப்போட்டுவிட்டு ஆறு உள்ளதைத் தேடுங்கள்.

ஃப்ராஸ்ட்டின் இரண்டு பாதைக் கவிதை, 1915. ஆள் நடமாட்டம் குறைந்த வழியைத் துணிந்து தேர்ந்தெடுத்தவனின் பெருமை என்றுதான் பட்டமளிப்பு வாழ்த்து அட்டைகள் இதைச் சொல்லித் தருகின்றன. இரண்டாம் பத்தியிலேயே இரு பாதைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்ந்திருந்தன என்று வருகிறது. மூன்றாம் பத்தியில் இரண்டும் அன்று காலை ஒரே மாதிரி இலை மூடிக் கிடந்தன. கடைசிப் பத்தியில் அவன் பின்னொரு காலத்தில் பெருமூச்சோடு ‘சொல்லப்போகிறான்’, வினை எதிர்காலம். இந்த மூன்றையும் காட்டாமல் துணிச்சலைப் பற்றி எழுதினால் நல்ல டீச்சர் யாரும் மதிப்பெண் தர மாட்டார். இலக்கிய வகுப்பு எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த 20 வரிக் கவிதையைக் கொடுக்கலாம்.

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களை இழிக்கும் அந்தச் சொல் இந்த நாவலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. அண்மையில் இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு அதன் காயம் தெரிந்திருக்காது. புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதே என்று வகுப்பில் சத்தமாகப் படித்துவிடும். படிக்கவே கூடாது. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். கட்டுரையில் மேற்கோளாக எழுதும்போது முதல் எழுத்தும் கோடும் போடுவதா, வேறு வரியைத் தேர்வதா என்று டீச்சர் ஒரு விதி வைத்திருப்பார், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை ட்வெய்ன் யார் வாயில், எந்த இடத்தில் வைக்கிறார் என்று பார்ப்பது பாடத்தின் பகுதி. 31ஆம் அத்தியாயத்தில், தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கிழித்துப்போட்டு நரகத்துக்கே போகிறேன் என்று ஹக் முடிவெடுக்கும் இடம் நூலின் உச்சம். அதற்குப் பிறகு ஜிம்மை விடுவிக்கும் விளையாட்டாக நீளும் அத்தியாயங்கள் பலவீனமானவை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. பிள்ளைக்கும் அப்படித் தோன்றினால் தைரியமாக எழுதலாம், வரியைக் காட்டி.

கேட்ஸ்பிக்கு மறுபடி ஒரு குறிப்பு. டெய்சி வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றி எழுதாத பிள்ளையே இல்லை. எழுதுவதானால் முதல், ஐந்தாம், ஒன்பதாம் அத்தியாயங்களில் அது எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். ஐந்தில் டெய்சி பக்கத்திலேயே நிற்கும்போது அந்த விளக்கின் மாயம் போய்விடுகிறது என்பதை விட்டால் கட்டுரை பாதிதான். விளக்கை எல்லோரும் எடுப்பதால், முதல் அத்தியாயத்தில் டாம் சிலாகிக்கும் இனவெறிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வோம். 1920இல் லோத்ராப் ஸ்டாடர்ட் எழுதிய உண்மையான நூல் ஒன்றின் நிழல் அது. கதை நடப்பது 1922 கோடையில். அடுத்த ஆண்டுதான், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாம் சாப்பாட்டு மேசையில் உளறுவது வெறும் உளறல் அன்று என்று இந்தியப் பிள்ளைகளுக்கு அப்போது உறைக்கும்.

படிப்பதும் எழுதுவதும்

மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கத் தீட்டுவதால் பயனில்லை. பக்கத்துக்கு அதிகபட்சம் இரண்டு குறி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நாலு சொல். பள்ளிப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்றால் ஒட்டுத்தாள். புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு தாளை ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் பொருளின் பெயரும் பக்க எண்ணும் எழுதிக்கொண்டே வந்தால், கட்டுரை எழுதும் வாரத்தில் புத்தகத்தை மறுபடி புரட்டும் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

பள்ளி தரும் அதே பதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். கேட்ஸ்பியின் காப்புரிமை 2021 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டதால் மலிவுப் பதிப்புகள் குவிந்துவிட்டன. பக்க எண் எதுவும் பொருந்தாது. பழைய நூல்கள் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவும், லிப்ரிவாக்ஸில் ஒலிநூலாகவும் கிடைக்கின்றன. ஹாதார்னைக் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் படிப்பது நன்றாக உதவுகிறது.

இணையத்தில் கிடைக்கும் அத்தியாயச் சுருக்கங்களை, படித்து முடித்தபின் விட்டுப்போனது உண்டா என்று சரிபார்க்கப் பயன்படுத்தலாம். படிப்பதற்குப் பதிலாகப் பயன்படுத்தினால் குவிஸில் தெரிந்துவிடும், சுருக்கத்தில் இல்லாத சிறு விவரங்களைத்தான் டீச்சர்கள் கேட்பார்கள். ஏ.ஐ. கருவிகளில் இன்னொரு ஆபத்து, நூலில் இல்லாத வரியை மேற்கோளாகத் தந்துவிடும். கூகுள் டாக்ஸில் கட்டுரை எப்படி வளர்ந்தது என்ற வரலாறும் டீச்சர் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒட்டலில் 800 சொல் வந்து விழுந்தால் கேள்வி வரும். எனவே முதல் வரைவிலிருந்தே அந்த ஆவணத்திலேயே எழுதுவது நல்லது, நேர்மையாக எழுதும் பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

கட்டுரையின் வடிவம் எம்.எல்.ஏ., அதாவது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த விதிகள். எழுத்து 12 புள்ளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், முழுக்க இரட்டை வரி இடைவெளி, மேல் வலது மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறியில் ஆசிரியரின் கடைசிப் பெயர், பக்கம், நடுவில் காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்கு வெளியே. உரைநடை நாலு வரியைத் தாண்டினால், கவிதை மூன்று வரியைத் தாண்டினால் அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல். கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும்: கேட்ஸ்பி கையை நீட்டுகிறான், நீட்டினான் அல்ல. தமிழில் கதை சொல்லும் பழக்கத்தால் இறந்தகாலம் வந்துகொண்டே இருக்கும், கடைசியாக ஒருமுறை வினைகளை மட்டும் பார்த்துத் திருத்த வேண்டும்.

மேற்கோள் சிறியதாக இருக்கட்டும். நாலைந்து சொல்லை எடுத்துத் தன் வாக்கியத்துக்குள் பொருத்தினால், எந்தச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று எழுதுபவருக்கே தெளிவாகிவிடும். நாலு வரி மேற்கோளைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு வரி விளக்கம் எழுதுவது தராசு தலைகீழாகத் தொங்குவது போல.

வட்டமாக உட்கார்ந்து பேசும் சாக்ரடிக் செமினார் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் பயமுறுத்துகிறது. பெரியவர் கேட்காமல் பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம், இங்கே பேசாவிட்டால் மதிப்பெண் இல்லை. பக்க எண்ணோடு மூன்று மேற்கோள், பதில் தெரியாத இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போக வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை வாய் திறந்துவிட்டால் பிறகு எளிது. ‘நீ சொல்வது எந்தப் பக்கத்தில்?’ என்று கேட்பதும், ‘அந்த வரியில் இன்னொரு சொல்லும் இருக்கிறதே’ என்று சுட்டுவதும் பங்கேற்புதான். நீளமாக முழங்க வேண்டியதில்லை.

கட்டுரை குறைந்த கிரேடோடு வந்தால் பெற்றோர் டீச்சருக்கு மின்னஞ்சல் எழுதி மதிப்பெண்ணைக் கேட்பதைவிட, பிள்ளை மதிய இடைவேளையிலோ பள்ளி முடிந்தோ நேரில் போவது மேல். போகும்போது ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்துப் போகட்டும். மேற்கோளுக்குப் பின் தான் எழுதிய வரிகளைக் காட்டி, ‘இங்கே எந்தச் சொல்லை நான் தொடாமல் விட்டேன்?’ என்று கேட்கட்டும். பத்து நிமிடத்தில் முடிகிற கேள்வி அது. திருத்தி மறுபடி கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பல டீச்சர்கள் ஒரு வார அவகாசம் தருவார்கள்.